வெள்ளையணுவின் புரோட்டான் கதவு

காலில் முள் தைத்து இரண்டு நாள் கழிந்தால் அவ்விடம் சிவந்து வீங்கிச் சீழ் பிடிக்கிறது. அந்தச் சீழில் பெரும்பகுதி, பாக்டீரியாக்களுடன் போரிட்டு மடிந்த வெள்ளையணுக்களே. அவற்றுள் நியூட்ரோஃபில் என்னும் வகை முதன்மையானது.

நியூட்ரோஃபில் விழுங்கிய பாக்டீரியா ஒரு சவ்வுப் பைக்குள் அடைபடுகிறது. அச்சவ்விலுள்ள ஆக்சிடேஸ் என்னும் நொதி, செல்லின் உட்பகுதியிலிருந்து எலக்ட்ரான்களை எடுத்துப் பைக்குள் செலுத்துகிறது. அங்குள்ள ஆக்சிஜன் அவற்றை ஏற்றுச் சூப்பராக்சைடாக மாறுகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு முதலிய நச்சுப் பொருள்கள் தோன்றுகின்றன. பிறவியிலேயே இந்நொதி பழுதுற்ற குழந்தைகள் அடுத்தடுத்துக் கடுந்தொற்றுகளுக்கு ஆளாகின்றனர். இதன் இன்றியமையாமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. எலக்ட்ரான் எதிர்மின்னூட்டம் உடையது. அது வெளியேற வெளியேறச் செல்லின் உட்புறம் நேர்மின்னூட்டம் மிகுகிறது. ஓய்வு நிலையில் உட்புறம் சுமார் 60 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். ஈடுசெய்ய வழியில்லாவிடில் அது விரைவில் நேர்மின்னழுத்தமாகி ஏறிக்கொண்டே போகும். ஏறத்தாழ 200 மில்லிவோல்ட்டை எட்டினால் நொதியின் வேலை நின்றுவிடும். மேலும், எலக்ட்ரான்களை வழங்கிய மூலக்கூறுகள் புரோட்டான்களைப் பின்னே விட்டுச் செல்வதால் செல்லின் உட்பகுதி அமிலமாகும். புளித்துப் போகும் என்றே சொல்லலாம்.

இவ்விரு தொல்லைகளையும் ஒரே கதவு தீர்க்கிறது. சவ்விலுள்ள எச்.வி.1 என்னும் புரதம் திறந்து, புரோட்டான்களைச் செல்லிலிருந்து வெளியேற்றுகிறது. நேர்மின்னூட்டமும் குறைகிறது; அமிலமும் வடிகிறது.

இத்தகைய வழி இருக்கக்கூடும் என்று 1972-இல் ஹேஸ்டிங்ஸ், ஃபோகெல் இருவரும் கருதினர். அவர்கள் ஆராய்ந்தது கடலில் ஒளிவிடும் நுண்ணுயிர்களை. 1982-இல் தாமஸ், மீச் ஆகியோர் நத்தையின் நரம்புச் செல்லில் புரோட்டான் மின்னோட்டத்தை அளந்தே காட்டினர். இப்புரதத்திற்குரிய ஜீன் அகப்பட்டதோ 2006-இல்தான்.

மனிதரிடம் இப்புரதம் 273 அமினோ அமிலங்களால் ஆனது. நான்கு சுருள்கள் சவ்வை ஊடுருவி நிற்கின்றன. நான்காம் சுருளில் ஆர்ஜினின் என்னும் நேர்மின்னூட்ட அமினோ அமிலம் மூன்று இடங்களில் உள்ளது. செல்லின் உட்புறம் நேர்மின்னழுத்தம் பெற்றதும், ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதால், இச்சுருள் வெளிப்புறமாகத் தள்ளப்பட்டுப் பாதை திறக்கிறது. பொட்டாசியக் கால்வாயில் மின்னழுத்தத்தை உணரும் பகுதி வேறு, அயனி செல்லும் துளை வேறு. இங்கோ உணரும் பகுதியே வழியாகவும் அமைந்துவிட்டது!

செல்லுக்குள் ஒரு புரோட்டானுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொட்டாசிய அயனிகள் உள்ளன. ஆயினும் புரோட்டான் மட்டுமே இவ்வழியே நுழைகிறது. பாதையின் நடுவிலுள்ள ஓர் ஆஸ்பார்டிக் அமிலமே இதற்குக் காவல். அதை மின்னூட்டமற்ற அமினோ அமிலமாக மாற்றியபோது குளோரைடு போன்ற எதிர் அயனிகள் புகுந்ததை 2011-இல் கண்டனர்.

இக்கதவு அமிலத்தையும் உணரும். உள்ளே அமிலம் மிகுந்தால் குறைந்த மின்னழுத்தத்திலேயே திறக்கும். உள்ளுக்கும் வெளிக்குமுள்ள வேறுபாடு ஒரு பி.எச். அலகு கூடினால் சுமார் 40 மில்லிவோல்ட் குறைவாகவே போதும். ஆதலால் புரோட்டான் வெளியே போகுமேயன்றி, பொதுவாக உள்ளே வருவதில்லை. இதற்கென ஆற்றல் எதுவும் செலவாவதுமில்லை.

எச்.வி.1 இல்லாமல் பிறக்கச் செய்த எலிகளின் வெள்ளையணுக்களை 2009-இல் சோதித்தபோது, சூப்பராக்சைடு உற்பத்தி வெகுவாகக் குறைந்திருந்தது. ஆயினும் முற்றிலும் நின்றுவிடவில்லை.