குறைமாதக் குழந்தைக்குத் தொப்புள் வழியே டியூப்! கிருமி ஏறாமல் தடுப்பது எப்படி?

ராமநாதபுரம்,

புதுமடம் கடற்கரையில் குறைமாதத்தில் குழந்தை பிறந்துவிட்டால், தூக்கிக்கொண்டு ஓடுவது ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். ஒன்றரை கிலோகூடத் தேறாத சிசுவுக்குப் பால் குடிக்கத் தெம்பிருக்காது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், தொப்புளில் உள்ள ரத்தக்குழாய் வழியே இதயத்தின் வாசல் வரை மெல்லிய டியூபைச் செலுத்துவார்கள். சத்தும் மருந்தும் அதில்தான் இறங்கும்.

டியூபின் முனை இதயத்துக்குள் போய்விட்டால் ஆபத்து! சுற்றிலும் நீர் கோத்து இதயமே நின்றுவிடலாம். அதனால் எக்ஸ்ரே எடுத்து முனையைப் பார்ப்பது கட்டாயம்.

அதைவிட அடிக்கடி வரும் வில்லன், கிருமி.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் (பெரும்பாலும் பெரியவர்களுக்கானவை) நடந்த சோதனையின் முடிவு 2006-ல் வெளியானது. புது மருந்து இல்லை, புது மெஷினும் இல்லை. கை கழுவு, மாஸ்க்-கையுறை போடு, தோலைக் கிருமிநாசினியால் துடை, வேண்டாத டியூபை உடனே எடு. அவ்வளவுதான்! 18 மாதத்தில் டியூபால் வரும் தொற்று 66 சதவீதம் சரிந்தது. பச்சிளங்குழந்தை வார்டுகளும் அதே வழிக்கு வந்தன.

தொப்புள் டியூபுக்கு அதிகபட்சம் 14 நாள்தான் கெடு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2011-ல் வரம்பு கட்டியிருந்தது. தாய்ப்பால் சீக்கிரம் ஏறினால் அதற்கு முன்பே கழற்றிவிடலாம்.

"பேரப்புள்ளைய ஒரு தடவ தொட்டுக்கிறேம்மா" என்று பாட்டி கெஞ்சினால், நர்சம்மா முதலில் சோப்பைத்தான் காட்டுவார். கோவிச்சுக்கக் கூடாது!