மின்சாரக் கார் வாங்குமுன் பட்டறையைப் பாருங்கள்

மின்சாரத்தால் ஓடும் வண்டி சென்னை மாநகருக்குப் புதியதன்று. 1895-ஆம் ஆண்டிலேயே இந்நகரின் தெருக்களில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1953 வரை அவை மக்களைச் சுமந்தன. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நம் சாலைகளைப் பெட்ரோலும் டீசலுமே ஆண்டன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டபோது, விட்டுப்போன பழைய உறவு ஒன்று வடசென்னையில் புதுப்பிக்கப்பட்டது எனலாம்.

பேருந்தில் வந்த மாற்றம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும், பதினைந்து இருபது ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த கார்களை வைத்திருக்கும் குடும்பங்கள் பல உண்டு. துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து மின்சாரக் கார் வாங்கலாமா என்று எண்ணுகிறார். அப்பணம் ஒரு முறையே கைக்கு வருவது. ஆதலின், எந்தக் கார் சிறந்தது என்று கேட்பதற்கு முன், எந்தப் பட்டறை நம்மைக் கைவிடாது என்று கேட்பதே அறிவுடைமை.

மரத்தடிப் பட்டறை போதாது

அம்பாசிடர் காரும் மாருதி 800-உம் 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோனவை. ஆயினும் அவை இன்றும் ஆங்காங்கே ஓடுகின்றன. காரணம், அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் தெருமுனையில் இருக்கிறார். உதிரிப் பாகம் புதுப்பேட்டையில் கிடைக்கிறது. விற்ற நிறுவனம் நம்மை மறந்தாலும் வண்டி நிற்பதில்லை.

மின்சாரக் காரின் நிலை வேறு. அதில் என்ஜின் ஆயில் இல்லை, கிளச் இல்லை, புகைக்குழாய் இல்லை. எனவே பராமரிப்புச் செலவு குறைவு என்பது உண்மையே. ஆனால் அதன் அடியில் உள்ள பேட்டரி நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் உடையது. உரிய பயிற்சியும் காப்புக் கையுறையும் இல்லாதவர் அதைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. கோளாறு எது என்று கண்டறிவதற்கும் நிறுவனத்தின் கணினிக் கருவி தேவைப்படுகிறது. ஆகவே, இக்காரை வாங்குவோர் விற்பனையகத்தின் பட்டறையோடு எட்டு பத்து ஆண்டுகளுக்கு ஓர் உறவை ஏற்படுத்திக்கொள்கின்றனர்.

நம் நாட்டு அனுபவமும் இதையே கூறுகின்றது. 2001-இல் பெங்களூரிலிருந்து ரேவா என்னும் சிறிய மின்சாரக் கார் வெளிவந்தது. ஈய அமிலப் பேட்டரியால் ஓடிய அது, ஒரு முறை மின்னேற்றினால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் செல்லும்; சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பேட்டரித் தொகுதியை மாற்ற வேண்டியிருந்தது. 2010-இல் அந்நிறுவனம் மகிந்திரா குழுமத்தின் வசமாயிற்று. 2013-இல் ரேவாவின் வழித்தோன்றலாக வந்த காரும் சில ஆண்டுகளில் சந்தையை விட்டு விலகியது. இவ்வாறு நிறுவனங்கள் கை மாறும், மாதிரிகள் மறையும். காரை வைத்திருப்பவருக்கோ உதிரிப் பாகமும் பயிற்சி பெற்ற கையும் தொடர்ந்து தேவைப்படும்.

மூன்று விற்பனையகங்கள்

திருவொற்றியூரைச் சேர்ந்த ஒரு குடும்பத்தினர் அண்மையில் மூன்று விற்பனையகங்களுக்குச் சென்று வந்தனர். முதலாவதில் உபசரிப்புக்குக் குறைவில்லை. தள்ளுபடி பற்றி விரிவாகப் பேசினார்கள். மின்சாரக் கார்களுக்கெனப் பயிற்சி பெற்றோர் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, “எல்லா வசதியும் உண்டு, ஐயா” என்ற பதில் மட்டுமே கிடைத்தது. இரண்டாவதில், குளிர்சாதனத்தை இயக்கியவாறே நெடுந்தூரம் ஓட்டிப் பார்க்க மனமுவந்து அனுமதித்தனர். ஆனால் பேட்டரியில் கோளாறு எனில் நகரின் மறுகோடியில் உள்ள பட்டறைக்கே அனுப்ப வேண்டும் என்பது பின்னரே தெரிந்தது.

மூன்றாவதில் தள்ளுபடி குறைவு. ஆனால் மேலாளர் அவர்களைப் பட்டறைக்குள்ளேயே அழைத்துச் சென்றார். உயர் மின்னழுத்தத்தைக் குறிக்கும் ஆரஞ்சு நிறக் கம்பிகளையும், காப்புக் கையுறைகளையும், பயிற்சி பெற்ற பணியாளர் இருவரையும் காட்டினார். அப்போது அந்த இல்லத்தரசியார், “பழுதான மின்சாரக் காரைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, மேலே ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும் என்கிறீர்கள். அந்த வண்டி இரவு பத்து மணிக்கு எண்ணூருக்கு வருமா, ஐயா?” என்று கேட்டார். மேலாளர் தொலைபேசியில் விசாரித்து, வரும் என்றும், கண்டெய்னர் லாரிகளின் நெரிசலால் தாமதம் ஆகக்கூடும் என்றும் ஒளிவின்றிக் கூறினார். சில ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் அங்கேயே வாங்குவது என்று அக்குடும்பம் முடிவு செய்தது.

நாமும் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. பேட்டரிக்குரிய உத்தரவாதம் எத்தனை ஆண்டு? 2020-இல் வந்த டாட்டா நெக்ஸான் மின்சாரக் காருக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்ற உத்தரவாதம் தரப்பட்டது. ஆயினும் பேட்டரியின் கொள்ளளவு எத்தனை விழுக்காட்டிற்குக் கீழ் குறைந்தால் மாற்றித் தருவார்கள், காரை விற்றால் அவ்வுத்தரவாதம் அடுத்தவருக்குச் செல்லுமா என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். அதே காருக்குச் சான்றளிக்கப்பட்ட தூரம் 312 கிலோமீட்டர். அது சோதனை முறையில் கண்ட அளவு. வெயிலிலும் நெரிசலிலும் குளிர்சாதனத்தோடு ஓட்டும்போது இத்தகைய அளவுகள் கணிசமாகக் குறையும். காப்பீட்டை விற்பனையகத்திலேயே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; வெளியே விலை கேட்டு ஒப்பிடலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

காரை நிறுத்தும் இடத்தில் 15 ஆம்பியர் சாக்கெட்டும், முறையான எர்த் இணைப்பும் உள்ளனவா என்று தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு பார்த்தல் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பாயின் சங்கத்தின் ஒப்புதலை முன்னரே பெறுவது நலம். ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் எனக் கொண்டால், நாள்தோறும் 30 கிலோமீட்டர் ஓட்டும் வீட்டிற்கு இரு திங்களில் 260 யூனிட் அளவு கூடும். நம் மாநிலத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டிற்கு மின்கட்டண விகிதம் உயர்ந்துவிடுவதால், பழைய மின்கட்டண அட்டையை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

கடற்கரையை ஒட்டி வாழும் நமக்கு உப்புக் காற்றும் ஒரு பகை. மின்சாரக் கார் தன் மோட்டாராலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் பிரேக்குக்கு வேலை குறைவு. அதனால் பிரேக் தட்டுகளில் துரு ஏறுவது எளிது. வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவச் செய்வதும், பிரேக்கை ஆண்டுதோறும் சோதிப்பதும் தேவை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நாம் கண்ட வெள்ளத்தையும் மறத்தலாகாது. ஐ.பி. 67 என்னும் தரம், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் எனச் சோதித்ததையே குறிக்கும். வெள்ளத்தில் நின்ற காரை இயக்கவோ மின்னேற்றவோ கூடாது. பட்டறையாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

பழைய காரை விடும் முறை

வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுத் தரகரிடம் காரைக் கொடுத்துவிட்டுப் பணத்தைப் பெற்று வருவோர் பலர். பதிவுச் சான்றில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்றும், விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவரையே சாரும் என்றும் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே பெயர் மாற்றம் முடிந்ததை நேரில் உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும். ஓட்டத் தகுதியற்ற வண்டியாயின், 2021-இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் பெறலாம். புதிய கார் வாங்கும்போது அச்சான்றிதழால் கிடைக்கக்கூடிய சலுகைகளை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிக.

புகை எங்கே போகிறது?

மின்சாரக் கார் புகை விடுவதில்லை என்கின்றனர். காரின் பின்னால் புகை இல்லை என்பது உண்மை. ஆனால் அதற்குரிய மின்சாரத்தில் ஒரு பகுதி நம் அருகிலேயே நிலக்கரியை எரித்து உண்டாக்கப்படுகிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் நிலையமும் நம்மைச் சூழ்ந்துள்ளன. 800 மெகாவாட் திறனுள்ள புதிய அலகு ஒன்றும் 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது. அடையாற்றில் புகையின்றி ஓடும் காருக்காக எண்ணூரின் குழந்தைகள் சாம்பலைச் சுவாசிக்க நேரிடலாம். இதனால் மின்சாரக் காரே வேண்டாம் என்பதன்று. நம் மாநிலத்தில் காற்றாலையும் கதிரவனும் தரும் மின்சாரமும் வளர்ந்து வருகிறது. தேவைக்கு மிஞ்சிய பெரிய காரைத் தவிர்த்துச் சிறியதை வாங்குவதும், இயன்றவர் மாடியில் சூரிய மின்தகடு அமைப்பதும் அயலாருக்குச் செய்யும் உதவியாகும். அதற்கென 2024-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில், 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு கவனித்தும் குறை நேரின் மனந்தளர வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 1915 என்ற எண்ணில் முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். அங்கே வாய்மொழி வாக்குறுதிக்கு மதிப்பு மிகக் குறைவு. எனவே விற்பனையாளர் எதைச் சொன்னாலும் பணிவோடு, “இதை எழுத்தில் தாருங்கள், ஐயா” என்று கேளுங்கள். தயங்காமல் எழுதித் தருபவரிடம் முன்பணத்தைக் கொடுங்கள்.