ஆற்றை மறித்தால் ஆன்மா எப்படி வீடு திரும்பும்?

இந்தியாவின் சிக்கிம் மாநிலத்திலும் அதை ஒட்டிய டார்ஜிலிங், காலிம்போங் மலைகளிலும் வாழும் சிறிய பழங்குடி இனத்தவர் லெப்சா மக்கள். தங்களை அவர்கள் 'ரோங்' என்று சொல்லிக்கொள்கின்றனர். கஞ்சன்ஜங்கா மலையின் பனியை எடுத்துத்தான் முதல் ஆணையும் முதல் பெண்ணையும் கடவுள் படைத்தார் என்பது அவர்களின் நம்பிக்கை. 8,586 மீட்டர் உயரமுள்ள அந்த மலைதான் அவர்களுக்குக் காவல் தெய்வம்.

1955ஆம் ஆண்டு அம்மலையில் முதன்முதலாக ஏறிய பிரிட்டிஷ் குழுவினர், சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்கின்படி உச்சியை மிதிக்காமல் சில அடிகள் கீழேயே நின்றுவிட்டனர்.

குலத்துக்கு ஒரு மலை

லெப்சா மக்களின் ஒவ்வொரு குலத்துக்கும் தனியாக ஒரு சிகரம், ஓர் ஏரி, மறுவுலகத்துக்குச் செல்லும் ஒரு வாசல் உண்டு. ஒருவர் இறந்தால் அவரது ஆன்மா, தன் மூதாதையர் இருக்கும் இடத்துக்குத் திரும்ப வேண்டும். வழி தெரியாமல் அது அலைந்துவிடக் கூடாது என்பதற்காக 'முன்' எனப்படும் பூசாரி சடங்கு செய்து வழிகாட்டுகிறார். இப்பணியைச் செய்வோர் பெரும்பாலும் பெண்கள். வடசிக்கிமின் ஜோங்கு பகுதியில் ஓடும் ரோங்யோங் ஆறுதான் ஆன்மாக்கள் கஞ்சன்ஜங்காவை நோக்கிச் செல்லும் பாதை.

திருமணத்தில் ஆறுகளின் கதை

திருமண வீட்டிலும் ஆறுகளுக்கு இடமுண்டு. தீஸ்தா பெண், ரங்கீத் ஆண். காதலர்களான இருவரும் மலையிலிருந்து இறங்கி ஓரிடத்தில் சந்திக்க முடிவு செய்தனர். தீஸ்தாவுக்குப் பாம்பு வழிகாட்டியது. ரங்கீத்துக்குப் பறவை வழிகாட்டியது. பறவை இரை தேடிச் சுற்றியதால் ரங்கீத் தாமதமாக வந்தது. முந்தி வந்து காத்திருந்த தீஸ்தாவைக் கண்டதும் வெட்கமும் கோபமும் கொண்டு திரும்பியது, வெள்ளம் பெருகியது. பிறகு தீஸ்தா சமாதானம் சொல்ல, இரண்டும் ஒன்றாகக் கலந்து ஓடின. மணமக்களும் அப்படி இணைந்து வாழ வேண்டும் என்று இக்கதையைப் பாடி வாழ்த்துகின்றனர்.

பெருவெள்ளத்தில் மக்கள் ஏறித் தப்பிய இடம் தெந்தோங் மலை என்பது மரபு. அம்மலைக்கு நன்றி சொல்லும் விழா ஆண்டுதோறும் ஆகஸ்டு 8ஆம் தேதி நடைபெறுகிறது.

சடங்குக்கே வந்த சோதனை

இப்படிப் பிறப்பும் திருமணமும் இறப்பும் மலையோடும் ஆற்றோடும் பிணைந்திருப்பதால்தான், ஜோங்குவில் நீர்மின் திட்டங்கள் வந்தபோது லெப்சா மக்கள் பதறினர். வெளியாருக்கு அது மின்சாரம். அவர்களுக்கோ ஆற்றைச் சுரங்கத்துக்குள் திருப்பினால் இறந்தவர்களின் பாதையே அடைபடும்.

2007ஆம் ஆண்டு காங்டோக் நகரில் லெப்சா இளைஞர்கள் உண்ணாவிரதத்தில் இறங்கினர். அவர்களில் இருவர் 60 நாள்களுக்கும் மேலாக உண்ணாமல் இருந்தனர். மறு ஆண்டு ஜோங்குவுக்கான நான்கு திட்டங்களை மாநில அரசு கைவிட்டது. ஆனால் எல்லாத் திட்டங்களும் நிற்கவில்லை.

2023 அக்டோபர் 4ஆம் தேதி பனிப்பாறை ஏரி ஒன்று உடைந்து, சுங்தாங்கில் தீஸ்தாவின் குறுக்கே இருந்த பெரிய அணையை அடித்துச் சென்றது. பல உயிர்கள் பலியாயின. ஆற்றுக்கும் கோபம் உண்டு என்று திருமண வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தவர்களுக்கு, அது புதிய செய்தியாக இருந்திருக்காது.