முடிவு தெரியாதவரின் ஆயுட்கணக்கு

மொனராகலையிலும், பதுளை மாவட்டத்துக் கிராந்துருகோட்டையிலும், வடமத்திய மாகாணத்து மதவாச்சி, பதவியா முதலிய உலர் வலயப் பிரதேசங்களிலும், நீரிழிவையோ இரத்த அழுத்தத்தையோ காரணமாகச் சொல்லமுடியாத சிறுநீரக நோயொன்று 1990களிலிருந்து வைத்தியர்களின் கவனத்துக்கு வந்து, பெரும்பாலும் வயலிலே பாடுபடும் ஜனங்களை வாட்டி வருகிறது. அதன் மூலகாரணம் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. நோயாளியின் வீட்டார் கேட்பதோ வேறொன்று: "இன்னும் எவ்வளவு காலம் இருப்பார், டொக்டர் ஐயா?"

சராசரி கூறப் புகுந்தால் கிளினிக்கின் ஏடுகள் குறைபட்டே கிடக்கும். விளக்கத்துக்காகப் பத்து நோயாளரைக் கற்பனை செய்வோம். முதலாண்டின் முடிவில் இருவர் இறக்கின்றனர். இரண்டாமாண்டின் முடிவில் நால்வர், பிள்ளைகளோடு வேறூர் சென்றோ, பஸ் செலவுக்கு வழியின்றியோ, கிளினிக்குக்கு வராமல் நின்றுவிடுகின்றனர். மூன்றாமாண்டின் முடிவில் எஞ்சிய நால்வரில் ஒருவர் இறக்க, மற்ற மூவரும் ஐந்தாண்டு நிறைவிலும் உயிரோடிருக்கின்றனர். இறந்தவர்களை மாத்திரம் கூட்டி வகுத்தால் சராசரி 20 மாதம்! நோயை வென்று நிற்பவர்களின் ஆண்டுகளையெல்லாம் அழித்துவிடும் அக்கணக்கு, குடும்பத்தின் நம்பிக்கையையும் அநியாயமாக அழித்துவிடும்.

கடலடித் தொலைபேசிக் கம்பிகளில் பொருத்திய வெற்றிடக் குழாய்களின் ஆயுளை ஆராய்ந்த எட்வர்ட் கப்லானும், புற்றுநோயாளரின் ஆயுளை ஆராய்ந்த போல் மையரும் 1958இல் சேர்ந்து வெளியிட்ட முறை இதற்குப் பரிகாரம் கூறிற்று. வராமல் நின்றவரை இறந்தவராகவும் கொள்ளாமல், ஏட்டிலிருந்து நீக்கியும் விடாமல், கண்ணுக்குத் தெரிந்த நாள்வரை கணக்கில் வைத்திருப்பதே அதன் சாரம். நம் பத்து நோயாளரில் முதலாண்டைக் கடந்தவர் 80 சதவீதம். மூன்றாமாண்டில் நால்வரில் மூவர் தப்பியதால், 80இன் முக்கால் பங்கான 60 சதவீதம். இவ்விகிதங்களை ஆண்டுதோறும் கூட்டினால், முதலாண்டுக்கு 1, அடுத்த இரண்டுக்கு 1.6, இறுதி இரண்டுக்கு 1.2 என, ஐந்தாண்டு எல்லைக்குள் சராசரி வாழ்வு 3.8 ஆண்டு ஆகிறது. எல்லைக்கு அப்பால் நடப்பதை இந்த எண் சொல்லாது. சொல்வதாகப் பாவனை செய்யாததே அதன் நேர்மை.

ஆயினும், வராமல் நின்றவர்களும் வந்தவர்களைப் போன்றவர்களே என்ற அனுமானத்தின் மீதே இம்முறை நிற்கிறது. நோய் முற்றியதனாலேயே ஒருவர் படுக்கையோடு கிடந்து வரவில்லையென்றால், கணிதம் எவ்வளவு நுட்பமானதாயினும், விடை உண்மையைவிட இனிப்பாகவே வரும். ஆகவே கிளினிக்குகள் ஒவ்வொரு நோயாளியையும் கடைசியாகக் கண்ட திகதியையும், அவர் வராத காரணத்தையும் விசாரித்து எழுதி வைக்கவேண்டும். ஊர் மாறுவோரும், வீட்டிலே ஒருவரை இழந்தோரும், அச்செய்தியைக் கிளினிக்குக்குத் தயவுசெய்து அறிவிக்கவேண்டும்.