மூக்கு நுனியில் ஒரு சொட்டு

அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு கோடியக்கரைக்குப் போகிறவர்கள் பூநாரையைத் தேடித்தான் போகிறார்கள். தப்பில்லை. சதுப்பில் கூட்டமாக நின்று, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து நீரைச் சலித்துத் தின்னும் அழகு கண்ணை நிறைக்கும். ஆனால் படைத்தவனின் நுணுக்கத்தைக் கிட்டத்தில் பார்க்க ஆசையிருந்தால், படகுகள் கரையேறும் இடத்தில் மீன் கழிவுக்குச் சண்டை போடும் கடற்காகத்தைப் பாருங்கள்.

குளிர்காலத்தில் நம் கரைக்கு வருவதில் முக்கியமானது பழுப்புத்தலைக் கடற்காகம். லடாக், திபெத் பக்கத்து மலை ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இறங்கி வருகிறது. இங்கே இருக்கும் மாதங்களில் தலையின் பழுப்பு கழிந்து, காதுப்பக்கம் ஒரு கருந்திட்டு மட்டும் மிஞ்சியிருக்கும். பைனாகுலரை அதன் சிவந்த அலகில் நிறுத்திச் சற்றுப் பொறுங்கள். நாசித் துளையிலிருந்து தெளிந்த நீர் கசிந்து, அலகோரமாக வழிந்து, நுனியில் துளியாய்த் திரளும். வெடுக்கென்று ஓர் உதறல், துளி தெறிக்கும். மறுபடி ஊறும்.

“அதுக்கும் சளி பிடிச்சிருக்காப்பா?” என்றாள் என் மகள்.

சளியல்ல, உப்பு. கடல்நீரை நாம் குடித்தால் தாகம் கூடத்தான் செய்யும். அந்த உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிக நீரை நம் சிறுநீரகம் செலவழித்தாக வேண்டும். பறவையின் சிறுநீரகம் இந்த விஷயத்தில் இன்னும் பலவீனம். அதனால்தான் கடற்பறவைகளின் கண்ணுக்கு மேலே, மண்டையோட்டுப் பள்ளத்தில், பிறை வடிவில் இரண்டு சுரப்பிகளை வைத்திருக்கிறான் இறைவன். ரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்து, கடல்நீரைவிடக் கரிப்பான நீராக்கி மூக்கு வழியே தள்ளிவிடும். 1930-ல் ராஜாஜி உப்பு அள்ளிய வேதாரண்யம் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே பாத்தி பாத்தியாக வெயிலில் நடக்கிற வேலை, இங்கே மண்டையோட்டின் சின்னஞ்சிறு பள்ளத்தில் வெயிலே இல்லாமல் நடக்கிறது.

1950-களின் இறுதியில் நுட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் அறிஞர் இதைச் சோதித்துக் காட்டினார். ஒரு கடற்காகத்துக்கு அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கடல்நீரைப் புகட்டினார். மூன்று மணி நேரத்துக்குள் அந்த உப்பு அநேகமாக முழுவதும் வெளியேறிவிட்டது, பெரும்பாலும் மூக்கு வழியாக. நமக்கு அதே விகிதத்தில் கொடுத்தால் ஐந்தாறு லிட்டர் வரும். ஆள் பிழைப்பது கஷ்டம். தேவைக்கேற்ப இந்தச் சுரப்பி பெருக்கவும் சுருங்கவும் செய்யும் என்பது இன்னும் வியப்பு.

இதே கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் உப்புச் சுரப்பி உண்டு. அதற்குக் கண்ணோரம். மணலேறிய ஆமையின் கண்ணில் நீர் வழிவது அதனால்தான் என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. “முட்டை போடுற வலியில அழுவுது. பெத்தவளுக்குத்தான் தெரியும், உனக்கென்ன தெரியும்?” என்றார். நான் மேற்கொண்டு வாதாடவில்லை.