மொச்சையும் டின் மீனும்: எளிய இரவு உணவு

கடலுக்குத் தொலைவிலுள்ள ஊர்களில் நல்ல மீன் நாள்தோறும் கிடைப்பதில்லை. வரப்பில் விளைந்த மொச்சையுடன் ஒரு சிறு டின் மத்தி மீனைச் சேர்த்தால், ஐந்து பேருக்குச் சத்தான உணவாகும். 100 கிராம் காய்ந்த மொச்சையில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு. மொச்சையில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தை மீன் ஈடு செய்கிறது.

தேவையானவை: காய்ந்த மொச்சை 250 கிராம், மத்தி மீன் டின் (155 கிராம்) 1, வெங்காயம் 2, தக்காளி 3, பூண்டு 6 பல், மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், எண்ணெய், உப்பு.

செய்முறை: காலையில் ஊற வைத்த மொச்சையை மாலையில் நீரை வடித்து, புதுநீரில் குழைய வேக வைக்கவும். அரைவேக்காட்டு மொச்சை வயிற்றுக்கு ஒவ்வாது. வெங்காயம், பூண்டு, தக்காளியைத் தூள்களுடன் வதக்கி மொச்சையில் கலக்கவும். டின் மீனில் உப்பு இருப்பதால் உப்பைக் குறைத்து இடவும். கனத்த பாத்திரத்தில் பரப்பி, மேலே மீனை அடுக்கி மூடவும். தணலில் வைத்து, மூடியின் மேலும் தணல் இட்டு 20 நிமிடம் விடவும். மென்மையான முள்ளையும் உண்ணலாம். அதில் சுண்ணாம்புச் சத்து உள்ளது.

எச்சரிக்கை: உப்பிய, கசியும் டின்னைப் பிரிக்காமல் புதைத்து விடவும். அதிலுள்ள நஞ்சு நாற்றத்தால் தெரியாமலும் இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. கோழிக்கும் இடக் கூடாது.

மொச்சையை விற்கும்போது வீட்டுத் தேவைக்குச் சில படிகள் நிறுத்தி வைப்பது நலம்.