ஜெர்மன் டாங்கிக்கு என்ன நிறம்?

கோலாலம்பூரில் பிளாஸ்டிக் மாடல் விற்கும் கடைக்குப் போனால், இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கிப் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கும்: டைகர், பாந்தர், பன்சர் 4. தோற்றுப்போன படையின் வண்டிக்கு ஏன் இத்தனை மவுசு? ஒரு காரணம், ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தமியா நிறுவனம். 1960களின் தொடக்கத்தில் அதற்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு பாந்தர் டாங்கி. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்று கணக்குப் போட்டதில் அமைந்ததுதான் 1/35 என்ற அளவு. இன்று உலகம் முழுவதும் டாங்கி மாடலுக்கு அதுவே வழக்கமான அளவு. இன்னொரு காரணம் நிறம். அமெரிக்க டாங்கி என்றால் பெரும்பாலும் ஒரே ஆலிவ் பச்சை. ஜெர்மன் டாங்கியோ போர் நடந்த ஆறு ஆண்டுகளுக்குள் அரை டஜன் தடவை சட்டை மாற்றியது.

அதனால்தான் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்வி வருகிறது. எந்த மாதம், எந்தப் போர்முனை?

1939இல் போலந்துக்குள் நுழைந்த டாங்கிகள் முழுக்க அடர்சாம்பல் என்றுதான் பல பத்தாண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். புத்தகங்களும் அப்படித்தான் சொல்லின, பெட்டிப் படங்களும் அப்படித்தான் காட்டின. ஆனால் போருக்கு முன்பே ராணுவம் போட்டிருந்த உத்தரவு வேறு. மூன்றில் இரண்டு பங்கு அடர்சாம்பல், மீதி ஒரு பங்கு அடர்பழுப்பு. இரண்டுமே கருமையான நிறங்கள். புழுதியும் படிந்துவிட்டால் கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆய்வாளர்கள் பழைய உத்தரவுகளைத் தேடி எடுத்து, தெளிவான படங்களோடு வைத்துப் பார்த்த பிறகுதான் பழுப்புத் திட்டுகள் கண்ணுக்குப் பட்டன. பழுப்பை நிறுத்தச் சொல்லும் உத்தரவு 1940 ஜூலைக் கடைசியில்தான் வந்தது. பிரான்ஸ் அதற்கு முன்பே, ஜூனில் விழுந்துவிட்டது. ஆகவே பிரான்ஸ் போரின் டாங்கியைச் செய்து முழுச் சாம்பலாக அடித்து வைத்திருப்பவர்கள் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஆப்பிரிக்கக் கதை வேறு. 1941இல் திரிப்போலி துறைமுகத்தில் இறங்கிய முதல் டாங்கிகள் சாம்பல் நிறத்தோடுதான் வந்தன. மஞ்சள்கலந்த பழுப்பும் சாம்பல்பச்சையும் அடிக்கச் சொல்லி அந்த மார்ச்சில் உத்தரவு. அடுத்த ஆண்டு மார்ச்சில் அந்த இரண்டையும் மாற்றி இன்னொரு உத்தரவு.

பெரிய மாற்றம் 1943 பிப்ரவரியில். தொழிற்சாலையிலிருந்து எல்லா வண்டியும் அடர்மஞ்சளில் வெளிவரும். ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் பசையாக டப்பாவில் வரும். படைப்பிரிவினரே அதைக் கரைத்துத் தங்கள் இடத்துக்கு ஏற்ற மாதிரி அடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பெட்ரோலில் கரைத்தார், இன்னொருவர் தண்ணீரில் கரைத்தார். ஒருவருக்கு ஸ்பிரே கிடைத்தது, இன்னொருவருக்குத் துடைப்பம்தான் கிடைத்தது. அதனால் அந்தப் பச்சைக்குச் சரியான பெயின்ட் எண் எது என்று மணிக்கணக்கில் வாதாடுவது வீண். அடர்த்தி வண்டிக்கு வண்டி மாறியது. 1944 ஆகஸ்டுக்குப் பிறகுதான் மூன்று நிறத்தையும் தொழிற்சாலையே அடிக்கத் தொடங்கியது.

டாங்கி எந்தக் காலத்தது என்பதற்கு நிறத்தைவிட உறுதியான சாட்சி ஒன்று உண்டு: சிமெரிட். காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்க, சிமென்ட் போலப் பூசி வரிவரியாகக் கீறிவிட்ட பூச்சு அது. தொழிற்சாலைகள் அதைப் பூசியது 1943இன் பிற்பாதியிலிருந்து 1944 செப்டம்பர் வரை மட்டுமே. 1945இல் தொழிற்சாலையை விட்டு வந்த பாந்தரின் மேல் சிமெரிட் பூசினால் அது கதை.

அடையாளக் குறிகளிலும் இதே கதைதான். போலந்தில் டாங்கிகள் பெரிய வெள்ளைச் சிலுவையோடு போயின. போலந்து பீரங்கிக்காரர்களுக்கு அது குறிபார்க்க வசதியாகப் போய்விட்டது. சிப்பாய்கள் அதன்மேல் சேறு பூசினார்கள், சிலர் மஞ்சள் அடித்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் வெறும் ஓரக்கோடாக நிற்கும் சிலுவை. கோபுரத்தில் உள்ள மூன்று இலக்க எண் முகவரி மாதிரி: கம்பெனி, பிளாட்டூன், வண்டி. இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் உள்ள டைகரில் வெள்ளை ஓரமிட்ட சிவப்பில் 131 என்று இருக்கும். முதல் கம்பெனி, மூன்றாவது பிளாட்டூன், முதல் வண்டி. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்ட அது, இன்று ஓடும் நிலையில் இருக்கும் ஒரே டைகர் 1. டெக்கல் தாளில் உள்ள எண்களில் அழகானதைப் பொறுக்கி ஒட்டினால், இல்லாத கம்பெனியில் ஒரு டாங்கியைச் சேர்த்துவிடுவீர்கள்.

இத்தனையும் தெரிந்தாலும் நம் வானிலை ஒத்துழைக்க வேண்டும். லேக்கர் வகைப் பெயின்டின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் பால்கனியில் மழைக்கு முன்பு அடித்த அடர்சாம்பல், காய்ந்ததும் வெள்ளைப் பனி போர்த்தது மாதிரி நிற்பது இதனால்தான். கம்பிரசரில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி வேண்டும். மெதுவாக உலரச் செய்யும் ரிட்டார்டரைச் சில சொட்டுகள் சேர்க்கலாம். நடுப்பகலில் காற்று ஓரளவு உலர்ந்திருக்கும். கிள்ளான் பக்கம் விடிகாலையில் ஈரம் அதிகம், அப்போது ஏர்பிரஷ்ஷைத் தொடாமல் இருப்பது நல்லது. டெக்கலுக்கு முன் பளபளப்பான வார்னிஷ் ஒரு கோட் கட்டாயம். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும். துரு அடிப்பதில் மட்டும் கை கட்டுக்குள் இருக்கட்டும். பல டாங்கிகள் சில மாதங்களுக்கு மேல் பிழைக்கவில்லை. புகைக்குழாயைத் தவிர மற்ற இடமெல்லாம் துருப்பிடிக்க நேரமே இருந்ததில்லை.

ஒரு குறை மட்டும் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் டாங்கி இந்த நாட்டுக்கு வரவில்லை. ஜப்பானிய டாங்கி வந்தது. 1942 ஜனவரி 7 அதிகாலையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் சாலை வழியாக டைப் 97 சி-ஹா டாங்கிகள் சிலிம் ரிவர் அரணை உடைத்துப் புகுந்தன. எதிரே நின்ற பிரிட்டிஷ் தரப்பின் 11வது இந்திய டிவிஷனிடம் ஒரு டாங்கிகூட இல்லை. நான்கு நாளில், ஜனவரி 11இல், கோலாலம்பூர் விழுந்தது. அந்தக் காலத்து ஜப்பானிய டாங்கிகளில் பச்சை, பழுப்புத் திட்டுகளின் குறுக்கே மஞ்சள் பட்டை ஓடும். அதற்கும் 1/35 கிட் உண்டு. இரண்டு டைகர் முடித்தவர்கள் மூன்றாவதாக அதை எடுக்கலாம். களத்தைப் பார்க்க போவிங்டன் போக வேண்டாம், தஞ்சோங் மாலிம் தாண்டினால் போதும்.